வேலிக்கு அந்தப் பக்கம் எரிந்த அடுப்பு

போன மாதம் நான் முன்பு வேலை பார்த்த அரச கந்தோரிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். நிவாரணப் பகுதியில் இப்போது வேலை பார்க்கிறவர்கள். நலன்புரிச் சங்கம் ஒரு மலர் போடுகிறதாம், ஓய்வு பெற்றவர்களில் என்னிடம்தான் முதலில் வந்தார்களாம். என்னிடம்தான் முதலில் வந்திருக்க வேண்டும் என்பதால் நானும் அதை நம்பினேன்.

அவர்களில் ஒருத்தி கைபேசியை எடுத்துக் காட்டினாள். காற்றிலோ வெள்ளத்திலோ ஒருவருக்கு வீடு போய்விட்டால், இப்போது உத்தியோகத்தர் வீடு இருந்த வளவுக்குள் நின்று படம் எடுக்கிறார். படம் மேலிடத்துக்குப் போகிறது. தகரமும் உலர் உணவும் அதைப் பார்த்து வருகின்றன.

"உங்கட காலத்தில வீடு போன சனத்தை எப்பிடி ஐயா கணக்கெடுத்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"சாம்பலைத் தொட்டு," என்றேன்.

பிள்ளை மற்றவனைப் பார்த்தாள். கிழவனுக்குத் தட்டிவிட்டது என்று நினைத்திருப்பாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. வலை இழுக்க ஆள் போதாது என்று என்னைப் பெற்ற அப்பு மறித்தார். வள்ளத்தில் ஏறினால் எனக்குச் சத்தி வரும் என்பது அதற்குப் பிறகுதான் இருவருக்கும் தெரிய வந்தது. மன்னார்த் தீவில் பிறந்து கடல் ஒத்துக்கொள்ளாதவனுக்கு மிஞ்சியிருப்பது முதுகுதான். தலைமன்னார்த் துறையில் மூட்டை சுமந்தேன். கந்தோர்க் களஞ்சியத்தில் கூலியாகச் சேர்ந்தேன், பியோன் ஆனேன், கடைசியில் அதே களஞ்சியத்துக்குப் பொறுப்பாளனாகி, எனக்கென்று ஒரு கதிரையும் பூட்டுள்ள அலுமாரியும் வைத்துக்கொண்டு ஓய்வு பெற்றேன். நாலாம் வகுப்புக்காரன் அந்தக் கதிரையில் இருந்தது எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வேலை பழகின விதமெல்லாம் எழுதினால் மலரில் மற்றவர்களுக்கு இடம் இருக்காது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் விட்டுப்போன முறைகள் அப்படியே இருந்தன. ஒரு கரையில் காற்றடித்து வீடுகள் விழுந்தால், முதலில் கோவிலடியில் பெரிய கிடாரம் வைத்து எல்லாருக்கும் சமைத்துக் கொடுப்போம். சனம் ஓரளவு தெளிந்ததும் கிடாரத்தை இறக்கிவிடுவோம். அதன் பிறகு அவரவர் தங்கள் வளவுக்குப் போய், கல்லை வைத்துத் தாங்களே சமைக்க வேண்டும். மறுநாள் காலையில் நாங்கள் ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடப்போம். எந்த வளவில் அடுப்பு எரிந்திருக்கிறதோ அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது. ஒரு அடுப்புக்குக் கூரை வேய இவ்வளவு தென்னோலைக் கிடுகு, இவ்வளவு தடி, கயிறு, அரிசி, பருப்பு என்று ஒரு அளவு. ஆட்களை எண்ணினால் ஓடித் திரிவார்கள், ஒருவரே மூன்று இடத்தில் நிற்பார். அடுப்பு ஓடாது என்பது மேலிடத்தின் எண்ணம்.

அடுப்பு ஓடாதுதான். ஆனால் குட்டி போடும். நான் சேர்ந்த காலத்தில் ஒரு காற்றுக்குப் பிறகு ஒரு வளவுக்குள் போனோம். அங்கே பனைக்குப் பனை ஒரு அடுப்பு இருந்தது. இது மகனுடையது, இது மருமகனுடையது, இது பக்கத்து வீட்டுக்காரருடையது என்று வீட்டுக்காரர் விரல் நீட்டிக்கொண்டே போனார். அவருக்கு மருமகன் வருவதற்கு முதலில் மகள் பிறந்திருக்க வேண்டும். நான் குனிந்து ஒவ்வொரு அடுப்பின் சாம்பலுக்குள்ளும் கையை விட்டேன். ஒன்றுதான் சூடாக இருந்தது. மற்றவற்றில் யாரோ சாம்பலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள், அடியில் ஈர மணல். "இது அடுப்பு, இது அலங்காரம்," என்று சொல்லிக்கொண்டே போனேன். அன்றிலிருந்து கந்தோரில் என் வலது கைக்குத் தனி மரியாதை. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் அது உண்மைதான்.

அப்போது எங்களுக்கு மேலே இருந்தவர் டி.ஆர்.ஓ ஐயா. இன்றைய பிள்ளைகளுக்குப் பிரதேச செயலாளர் என்றால் விளங்கும். யாழ்ப்பாணத்து மனிதர், வெள்ளைக் காற்சட்டை, வெயிலிலும் கையில் குடை. எந்த வீட்டுக் கதிரையிலும் முதலில் கைக்குட்டையை விரித்து, அதன் நாலு மூலையையும் இழுத்துவிட்டுத்தான் இருப்பார். யாரிடமும் "இல்லை" என்று சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "சட்டம் என்ன சொல்லுது?" என்று கேட்பார், சட்டம் பக்கத்து அறையில் சுகமில்லாமல் படுத்திருக்கிற மாதிரி. சற்று நேரம் காது கொடுத்துக் கேட்பார். பிறகு சட்டத்தின் சார்பில் அவரே "இல்லை" என்பார்.

இப்படியான பனங்கூடல் அடுப்புகளையெல்லாம் முன்பு அப்படியே எண்ணி எழுதியதற்காக, அவருக்கு முன்பிருந்தவரைக் கணக்காய்வாளர்கள் உரித்தெடுத்துத் தூர இடத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அந்தப் பயம் இவருக்கு இருந்தது. அதனால் என் கையைப் பார்த்ததும் பிடித்துப்போய், ஒரு கட்டளையே அடித்து ஒட்டினார். 'சாம்பல் சூடாக இல்லாத அடுப்பு அடுப்பாகக் கொள்ளப்படமாட்டாது. ஒரு வளவிலுள்ள மேலதிக அடுப்பு எக்காரணம் கொண்டும் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.' என் கை சட்டமாகிவிட்டது. எத்தனை பேருடைய கைக்கு அது வாய்க்கும்?

இனி அந்த ஊர்க் கதை. பேசாலைக்கு அப்பால் ஒரு கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் காற்று அந்த முறை வீடுகளோடு வேலிகளையும் சுருட்டிக்கொண்டு போயிருந்தது. ஊர் முழுவதும் ஒரே வளவாகக் கிடந்தது. கிடாரத்தை இறக்கிய மறுநாள் ஐயாவும் நானும் நடந்தோம். ஐயா குடையோடு முன்னே, நான் கையோடு பின்னே.

நடுவில் விக்டோரியா அக்காவின் வளவு. கணவனும் பிள்ளைகளும் உள்ள மனுசி. வாய் பெரிது. அங்கே இரண்டு அடுப்பு. ஒன்று விழுந்த குசினியின் ஓரத்தில், மற்றது வேலி இருந்திருக்கக்கூடிய இடத்தில். கையை விட்டேன். இரண்டும் சூடு.

"ரெண்டு அடுப்பு, ஒரு குடும்பம்," என்றார் ஐயா.

"மற்றது என்ரை இல்லை, ஐயா."

"பின்னை யாற்றை?"

"பக்கத்து வீட்டாற்றை."

ஐயா என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். நானும் சிரித்தேன். மேலதிக அடுப்பு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் சொல்லுகிற அதே வசனம். பதிவில் ஒன்றை 'மேலதிகம்' என்று வெட்டிவிட்டு அடுத்த வளவுக்குப் போனோம்.

அது மதலேனாவின் வளவு. சுவர் பாதி நின்றது, கூரை இல்லை, வள்ளத்துப் பாய் ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தது. அதன் கீழே அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும், சுற்றிவர நாலைந்து பெண்களும் இருந்தார்கள். காற்றடித்த அன்று அவளுடைய கணவன் சூசை, வள்ளத்து நங்கூரம் இழுபடுகிறது என்று கடலுக்குள் இறங்கினவன். வள்ளம் பலகை பலகையாகக் கரைக்கு வந்தது. அவன் வரவில்லை.

மூலையில் ஒரு அடுப்பு இருந்தது. தொட்டேன். குளிர், ஈரம்.

"குளிர், ஐயா."

"அப்ப ஆள் வசிக்கேல்லை," என்றார் ஐயா.

"நான் இஞ்சதானே ஐயா இருக்கிறன்," என்றாள் மதலேனா.

"இருக்கிறது வேறை, வசிக்கிறது வேறை, பிள்ளை. அடுப்பு ஏன் எரியேல்லை?"

"இது செத்த வீடு, ஐயா. அடக்கம் முடியாம எப்பிடி உலை வைக்கிறது?"

எங்கள் கரைகளில் அது முறை. அடக்கம் முடியும்வரை செத்த வீட்டில் நெருப்பு மூட்டுவதில்லை. அயல்தான் சோறு கொண்டுவரும். ஐயாவுக்கும் அது தெரியாததல்ல. குரலைத் தாழ்த்தி, மரியாதையாகவே கேட்டார்.

"பிரேதம் எங்கை, பிள்ளை?"

"கடலில."

"சுவாமியார் பூசை வைச்சவரோ?"

"ஆள் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறார்."

ஐயா கண்ணை மூடினார். பக்கத்து அறையில் சட்டம் முனகியிருக்க வேண்டும்.

"செத்த வீடு எண்டால் மரணச் சான்றிதழ் வேணும், அதுக்கு வேறை உதவி இருக்கு. பிரேதம் இல்லாமல் அதைத் தர ஏலாது. செத்த வீடு இல்லை எண்டால் அடுப்பு எரிஞ்சிருக்க வேணும். இது ரெண்டிலையும் சேராமல் நிக்குது. நான் என்ன செய்ய?"

இருந்த பெண்களில் ஒருத்தி சொன்னாள், தீவுக்கு அப்பால் வங்காலையில் மதலேனாவுக்கு ஒரு தமையன் இருக்கிறான், விறாந்தையில் இடம் தருவதாகவும் பிள்ளைகள் வீட்டு வேலைக்கு உதவுவார்கள் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறான் என்று. மதலேனாவின் வளவு அரச காணி. விட்டுப் போனால் அடுத்த மழைக்கு முன் வேறு யாரும் கம்பு நட்டுவிடுவார்கள். அதோடு இன்னொன்றும் இருந்தது. அதை அவளே சொன்னாள்.

"அவர் வந்தால் இந்தக் கரைக்குத்தானே வருவார். நான் வங்காலையில இருந்தால் ஆர் பாக்கிறது?"

வந்தால் என்று அவள் சொன்னது எந்த நிலையில் வருவதை என்று நாங்கள் கேட்கவில்லை. ஐயா 'ஆள் வசிக்கவில்லை' என்று எழுதினார். வசிக்காத ஆள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் நாலு வளவு கூடத் தாண்டவில்லை. பின்னால் விக்டோரியா அக்கா வந்து என் சட்டையைப் பிடித்தாள். ஐயா கவனிக்காதவர் போல முன்னே போனார். கவனிக்காமல் விடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

"டேய் செபமாலை, நீ எந்த ஊர்?"

"இந்தத் தீவுதான் அக்கா. ஏன்?"

"கந்தோர்ச் சோறு திண்டு தீவை மறந்திட்டியோ எண்டு கேட்டன். செத்த வீட்டுச் சோறு எங்கை வேகிறது?"

"அயல் வீட்டில."

"அயல் வீட்டில எந்த அடுப்பில?"

என் ஊரில் அவரவர் குசினியிலேயே சமைத்துக் கொண்டுபோவார்கள். அப்படித்தான் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்கட கரையில அப்பிடி இல்லை. செத்த வீட்டு உலையும் எங்கட உலையும் ஒரே நெருப்பில வேகாது. அதுக்கெண்டு வேறை கல்லு வைப்பம். அவளின்ரை பானை, அவளின்ரை அரிசி, என்ரை கை. உன்ரை பெரிய கையை அதுக்குள்ள விட்டியே, சூடு மட்டுந்தான் தெரிஞ்சுதோ? பானை யாற்றை எண்டு தெரியேல்லையோ?"

சாம்பலைத் தொட்டுப் பானைக்காரரைச் சொல்லும் வித்தை எனக்கு வராது என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"என்னைக் கள்ளி எண்டு எழுதினியள், பறவாயில்லை, என்ரை மூஞ்சிக்கு அது பொருந்தும். அவளை இல்லை எண்டு எழுதினியளே."

இதில் என்னுடைய கெட்டித்தனம் என்னவென்றால், உடனே எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது. ஒரு வளவில் ஒரு அடுப்பு கூடுதல், பக்கத்து வளவில் ஒரு அடுப்பு குறைவு. ஊரைச் சேர்த்து எண்ணினால் கணக்குச் சரி. வளவு வளவாக எண்ணினதால் ஒருத்தி கள்ளி ஆனாள், ஒருத்தி காணாமல் போனாள். ஓடாது என்று மேலிடம் நம்பிய அடுப்பு, வேலியைத் தாண்டிப் போய் இருந்தது.

ஐயா பள்ளிக்கூட விறாந்தையில் கைக்குட்டையை விரித்து இருந்து வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"செபமாலை, நீர் சொல்லுறது உண்மையாயிருக்கும். ஆனால் ஒரு வளவில ரெண்டாவது அடுப்பை ஏற்கக் கூடாது எண்டு எழுதி, கையொப்பம் வைச்சது ஆர்?"

"நீங்கள்தான், ஐயா."

"நானே அதை மீறினால் கணக்காய்வுக்காரர் என்ன சொல்லுவினம்? அடுப்பு அவளின்ரை வளவுக்குள்ள இருக்க வேணும்."

"அவளின்ரை வளவுக்குள்ள நெருப்பு வைக்கக் கூடாது, ஐயா. அடக்கம் முடியேல்லை."

"அதுவும் சரிதான்," என்றார். கண்ணை மூடினார். நெடு நேரம் மூடியிருந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"அந்த ரெண்டு வளவுக்கும் நடுவில வேலி எங்கை?"

"காத்தில போயிட்டுது, ஐயா."

"வேலி இல்லாத இடத்தில எந்த அடுப்பு எந்த வளவில எண்டு நான் எப்பிடிச் சொன்னனான்? அது பிழையான கணக்கு. வேலி போட்டாப்பிறகு திரும்பப் பாக்க வேணும். பின்னேரம் வாறன்." பிறகு கண்ணைத் திறந்து என்னை நேரே பார்த்தார். "வேலி எங்கை போடுறது எண்டு அயலட்டை தங்களுக்குள்ள தீர்மானிக்கிற விஷயம். அதில கந்தோர் தலையிடாது."

வேறொரு பியோனாக இருந்தால் "ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டுத் தானும் ஒரு தேத்தண்ணி கேட்டிருப்பான். பெரிய மனிதர் வாய்விட்டுச் சொல்ல முடியாததை, சொல்லாமல் சொன்ன இடத்திலேயே பிடித்துக்கொள்ளுவதுதான் கந்தோர் வேலை. நான் அதில் பட்டதாரி. நடையாகப் போகவில்லை, ஓடினேன்.

வேலி அடைக்கக் கிடுகு ஏது? பனைமட்டை கொண்டுவந்தோம், அறுந்த வலை கொண்டுவந்தோம். போதவில்லை. கடைசியில் மதலேனாவின் பிள்ளைகளில் மூத்தவள், கரையில் குவித்திருந்த தகப்பனின் வள்ளப் பலகைகளைக் காட்டினாள். தூக்கி வந்து நட்டோம். வேலி கடற்பக்கத்திலிருந்து நேரே வந்து, அந்த அடுப்பை நெருங்கியதும் விக்டோரியா அக்காவின் பக்கம் வயிறு தள்ளி, அடுப்பைச் சுற்றிக்கொண்டு, திரும்பவும் நேரே போனது.

அப்போதுதான் மதலேனா எழுந்து வந்தாள்.

"அண்ணை, இப்ப அடுப்பு என்ரை வளவுக்கை எல்லோ வந்திட்டுது. அடக்கத்துக்கு முதல் என்ரை வளவில நெருப்பு எரிஞ்சதா வராதே? எனக்கு இந்தக் கிடுகு வேண்டாம். நான் வங்காலைக்குப் போறன்."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அதை ஒத்துக்கொள்ளுகிறேன், ஏனென்றால் அது அடிக்கடி நடப்பதில்லை. விக்டோரியா அக்கா மட்டையைக் கட்டிக்கொண்டே, திரும்பிப் பாராமல் சொன்னாள்.

"இஞ்ச பார். காணி என்ரை, அது மாதாவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். வேலி கந்தோரின்ரை. நெருப்பு மூட்டின கை என்ரை. உனக்கு இதில ஒரு பங்கும் இல்லை. நீ போய் அழுதுகொண்டிரு."

மதலேனா வேலியைப் பார்த்தாள், அந்தப் பலகைகளை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய் இருந்தாள்.

பின்னேரம் ஐயா வந்தார். குடையை மடக்கினார். வேலியின் ஒரு தலையிலிருந்து மறு தலைவரை நடந்தார். வயிறு தள்ளிய இடத்தில் நின்று, "நல்ல வேலி," என்றார்.

நான் குனிந்து கையை விடப் போனேன். "நீர் நில்லும்," என்று கைக்குட்டையை எடுத்து மணலில் விரித்து, வெள்ளைக் காற்சட்டையோடு அதில் முழங்காலை ஊன்றி, தன் கையைச் சாம்பலுக்குள் விட்டார். பழக்கமில்லாத கை. எவ்வளவு ஆழம் விட வேண்டும் என்று தெரியாமல் தணல்வரை போய்விட்டது. முகம் மாறியது, சத்தம் வரவில்லை. விரலை மெதுவாக எடுத்து, பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சூடு," என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கையொப்பம் வைக்கிறவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். பாய்க்குக் கீழே இருந்தவளைப் பார்த்து, "பிள்ளை, இது உங்கட அடுப்போ?" என்று கேட்டார்.

அந்தத் துக்கத்தோடு இருந்து பொய் சொல்லுகிற பெண் அல்ல அவள். இல்லை என்று சொன்னால், வேலியும் வீண், பலகையும் வீண்.

மதலேனா கொஞ்சம் யோசித்தாள்.

"அதில வேகிறதைத்தான் ஐயா நானும் பிள்ளையளும் சாப்பிடுறம்."

"அது போதும்," என்றார் ஐயா. 'ஆள் வசிக்கவில்லை' என்பதைக் கோடிட்டு வெட்டினார். எரிந்த விரலால் எழுதினதால் கையொப்பம் சற்றுக் கோணலாக வந்தது.

"அப்ப என்னைக் கள்ளி எண்டு எழுதினது?" என்றாள் விக்டோரியா அக்கா.

"உங்கட வளவில இப்ப ஒரு அடுப்புத்தானே, அம்மா," என்றார் ஐயா. "கந்தோர் உங்களைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை."

கிடுகும் தடியும் எருக்கலம்பிட்டி முதலாளி ஒருவரின் லொறியில் வந்தன. மதலேனாவின் பங்கை நானே தெரிந்தெடுத்து இறக்கினேன். அந்த லொறியில் ஓட்டையில்லாத கிடுகு முழுவதும் அவளுடைய கூரைக்குத்தான் போனது. மற்றவர்கள் கேட்கவில்லை.

சூசை வரவில்லை. சுவாமியார் பார்த்துப் பார்த்து, கடைசியில் வெறும் பாடையை வைத்துப் பூசை செய்தார். சேமக்காலையில் ஒரு சிலுவை நட்டார்கள். அன்று பின்னேரம் மதலேனா விக்டோரியா அக்காவிடம் போய், அந்தக் கல்லுகளை எடுக்கலாமோ என்று கேட்டாளாம். "ஏன் எடுக்கிறாய்? அங்கையே மூட்டு," என்றாளாம் அவள். கணவனுக்குப் பிறகு மதலேனா வைத்த முதல் உலை, அயல் காணியில், கந்தோர் வேலிக்குள் கொதித்தது.

வந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி முடித்தபோது, அந்தப் பெண் கைபேசியைக் கீழே வைத்திருந்தாள். படம் எடுங்கள், நல்லது, நான் பழையதுதான் நல்லது என்று சொல்லுகிற ஆள் அல்ல. ஆனால் வளவுக்குள் நின்று எடுக்கிறபோது, ஒன்றுமில்லாமல் கிடக்கிற வளவாக இருந்தால், கொஞ்சம் பின்னால் போய்ப் பக்கத்து வளவையும் சேர்த்து எடுங்கள் என்றேன். மேலிடம் ஏற்காவிட்டால் என் பெயரைச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். என் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது என்பதை அந்தப் பிள்ளை முகத்தில் காட்டாமல் இருந்தது. கந்தோர் வேலைக்கு வேண்டிய குணம் அவளிடம் இருக்கிறது.

அந்த வேலி இன்றும் நிற்கிறது. பலகை போய் மட்டையாகி, மட்டை போய்க் கம்பியாகிவிட்டது, வயிறு மட்டும் அப்படியே. பிற்காலத்தில் காணி அளக்க வந்தவர், நேரான வேலி ஏன் இந்த இடத்தில் வளைந்து போகிறது என்று கேட்டாராம். நரைத்துப்போன விக்டோரியா அக்கா கதிரையில் இருந்தபடியே சொன்னாளாம்:

"அது செத்த வீட்டுக்குச் சோறு காய்ச்சின இடம், தம்பி. அப்பிடியே கீறு."